எட்டுக் கம்பியும் நீலச் சட்டையும்

இவருக்கு நான் தைத்துக் கொடுத்த சட்டைகள் எல்லாமே நீலம். வெளிர் நீலம், அடர் நீலம், கோடு போட்ட நீலம், கட்டம் போட்ட நீலம். கடைக்கு வருகிறவர்கள் கேலி செய்வார்கள். "ஊருக்கெல்லாம் விதவிதமா தைக்கிறீங்க, வீட்டுக்காரருக்கு மட்டும் யூனிஃபார்மா?" நான் சிரித்து மழுப்பிவிடுவேன். காரணத்தை யாரிடமும் சொல்வதில்லை என்று இவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

நான் தையல்காரி. வீட்டின் முன்னறைதான் கடை. ஒரு சுவர் முழுக்க நூல்கண்டு அடுக்கு. இவர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். கல்யாணமான புதிதில் ஒரு நாள், கால் மிஷினில் கை துணியில் என்று நான் உட்கார்ந்திருந்தபோது, "அந்தப் பச்சை நூலைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்றேன். பழுப்பு நூலைக் கொண்டுவந்தார். "பச்சைங்க" என்றேன். திரும்பிப் போய் இன்னொரு பழுப்பைக் கொண்டுவந்தார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"என்ன விளையாடுறீங்களா? வேலை நேரத்துல!"

மனுஷன் முகம் செத்துப்போனது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எனக்குப் பச்சை, பழுப்பு, ஆரஞ்சு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். நீலம் தெரியும், மஞ்சள் தெரியும். மத்ததெல்லாம் குத்துமதிப்பு" என்றார். வேலைக்குச் சேரும்போது கண் பரிசோதனை வைத்தார்களாம். சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் படித்திருக்கிறார். நிறத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

"அப்ப எலக்ட்ரீஷியன் வேலை எப்படிப் பார்க்கிறீங்க?" என்று அலறிவிட்டேன்.

"நம்பர் போட்டுத்தான்" என்றார்.

அது வெறும் சமாளிப்பு இல்லை. இவர் தொட்ட கம்பி ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனையிலும் எண் பொறித்த சின்ன பிளாஸ்டிக் வளையம் இருக்கும். அந்த எண்ணையும் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் நம்புவார். மற்றவர்கள் கூட்டமாக இருக்கும் கம்பிகளுக்கு மட்டும் வளையம் போடுவார்கள். இவர் ஒற்றைக் கம்பி தனியாக நின்றாலும் போடுவார். தொழிற்சாலையில் இவருக்குப் பெயரே 'நம்பர்' என்று ஆகிவிட்டது. "நம்பர் அண்ணன் போட்ட பேனலா? கண்ணை மூடிக்கிட்டு வேலை பார்க்கலாம்" என்பார்களாம். அதை வீட்டில் வந்து சொல்லும்போது இவர் முகத்தில் பெருமையும் இருக்கும், கூடவே ஒரு திருட்டு முழியும் இருக்கும். வீட்டிலும் சுவிட்ச், சாவி, செருப்பு அலமாரி எல்லாவற்றுக்கும் எண் உண்டு. எனக்குத்தான் இன்னும் வளையம் மாட்டவில்லை.

வெளியே மாட்டிக்கொள்ளக் கூடாது என்றுதான் நீலச் சட்டை. எந்த நீலத்தோடு எந்தக் கால்சட்டை போட்டாலும் பொருந்துகிற மாதிரி நான் பார்த்துக்கொள்வேன். நாலு பேர் "அந்தச் சிவப்பு வண்டி" என்று பேசினால், எல்லோரும் தலையாட்டிய பிறகு இவர் ஆட்டுவார். நான் புதிதாக எதையாவது உடுத்திக்கொண்டு வந்து நின்றால் "நல்லா இருக்கு" என்பார். என்ன நிறம் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வீட்டில் கேட்டுப் பழகினால் வெளியிலும் வாய் தவறிக் கேட்டுவிடுவோமோ என்று பயம். அந்த ஒரு நாளைத் தவிர, இத்தனை வருஷத்தில் என்னிடம்கூட ஒரு நிறத்தின் பெயரைச் சொல்லி இவர் பேசியதில்லை. எனக்கு அது ஒரு குறைதான். நூலும் துணியும் நிறமுமாகப் பிழைக்கிறவளுக்கு, வீட்டுக்காரரோடு பேச அந்த ஒரு விஷயம் மட்டும் கிடையாது.

இப்படியே ஓய்வு வரைக்கும் ஓட்டிவிடலாம் என்று இருந்தோம். அப்போதுதான் தொழிற்சாலையில் கம்பிகளை மாற்ற ஆரம்பித்தார்கள்.

அந்த அட்டை லைன் ஒரு தெரு நீளம். ஒரு முனையில் காகிதம் போகும், மறு முனையில் அட்டையாக வெட்டுப்பட்டு வரும். அதையெல்லாம் ஆட்டிவைப்பது பேனல் அறையில் இருக்கும் பழைய கன்ட்ரோலர். மெஷினில் இருக்கும் சென்சார், வால்வு ஒவ்வொன்றிலிருந்தும் கம்பி கிளம்பித் தரைக்கடியில் ஓடி அந்த கன்ட்ரோலருக்கு வந்து சேரும். தரைக்கடியில் தண்ணீர் இறங்கிக் கம்பியெல்லாம் மேல்தோல் விட்டுப்போய்விட்டது. மேனேஜர் மொத்தத்தையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கலாம் என்றார். புதிதாகச் சேர்ந்த ஒரு என்ஜினியர் பெண்தான் குறுக்கே நின்றாள். பயிற்சிக் காலம்கூட முடியாத சின்னப் பெண்.

"கன்ட்ரோலர் ஒரு குத்தமும் பண்ணல சார். கம்பிதான் கெட்டுப்போச்சு. கம்பியை மட்டும் மாத்துவோம்" என்றாளாம்.

அவள் போட்ட திட்டம் இதுதான். மெஷின் பக்கத்திலேயே ஆங்காங்கே ஒரு ரிமோட் பெட்டி. அந்தந்தப் பகுதியின் கம்பிகள் அந்தந்தப் பெட்டியோடு நின்றுவிடும். பெட்டிகளிலிருந்து பேனல் அறைக்கு, கம்ப்யூட்டர்களை இணைக்கிற ஈதர்நெட் கேபிள் மட்டும் போகும். ஒரே சிக்கல், பழைய கன்ட்ரோலருக்கு ஈதர்நெட் பேச்சு புரியாது. அதனால் நடுவில் கேட்வே என்று ஒரு பெட்டி, இந்தப் பக்கப் பேச்சை அந்தப் பக்கத்துக்கு மாற்றிச் சொல்ல. மாமியாரும் மருமகளும் நேருக்கு நேர் பேசாமல் நடுவில் நாத்தனாரை வைத்துப் பேசிக்கொள்வது மாதிரி என்று நான் புரிந்துகொண்டேன். இவரும் "கிட்டத்தட்ட அதேதான்" என்றார்.

அந்தப் பெண்ணை இவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "அண்ணே, அண்ணேன்னு பின்னாடியே வருது. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுது" என்று வீட்டில் ஒரே புகழ்ச்சி. பழைய கன்ட்ரோலர் பிழைத்துக்கொண்டதில் இவருக்குச் சொந்தக்காரருக்கு உடம்பு சரியானது போலச் சந்தோஷம். கேபிள் சுருள் வந்து இறங்கிய அன்றைக்கு அதெல்லாம் வடிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் சாப்பாட்டுப் பையிலிருந்து சில கேபிள் துண்டுகளையும், ஒரு பை நிறையப் பிளக்கையும், பிளக்கைக் கடித்து இறுக்குகிற கிரிம்பிங் டூலையும் எடுத்து என் தையல் மேஜைமேல் வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கொஞ்சம் ஒத்தாசை வேணும்" என்றார்.

உறையைக் கீறிப் பார்த்தேன். உள்ளே எட்டுக் கம்பி, இரண்டிரண்டாக முறுக்கி. ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. ஒவ்வொன்றுக்கும் அதே நிறத்தில் கோடு போட்ட வெள்ளைக் கம்பி ஜோடி. எண் கிடையாது. வளையம் மாட்டினால் அந்தப் பொடிப் பிளக்குக்குள் நுழையாது.

"உங்களைக் கவுக்கறதுக்குன்னே எவனோ உக்காந்து நிறம் தேர்ந்தெடுத்திருக்கான்" என்றேன்.

இவருக்குச் சிரிப்பு வரவில்லை. பரீட்சைக்குப் படிக்காமல் வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். வரிசை அச்சடித்த தாளை இவர் பிடித்துக்கொள்ள, நான் பார்த்து அடுக்கினேன். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு. நுனியைச் சமமாக வெட்டிப் பிளக்கில் தள்ளி ஒரு கடி. இவர் கொண்டுவந்திருந்த கேபிள் டெஸ்டரில் மாட்டினால் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தது. பேனலுக்குள் வேண்டிய சின்னக் கேபிள்கள் எல்லாம் இப்படித்தான் என் மேஜையில் தயாராயின. அந்தத் தொழிற்சாலையின் வாசற்படியை நான் மிதித்ததில்லை, ஆனால் பேனல் அறைக்குள் என் கைவேலை இருக்கிறது. நான் தைத்தது எதுவும் பிரிந்துவந்ததாக ஊரில் பேச்சில்லை. இதுவும் பிரியவில்லை.

வம்பு வந்தது நீளக் கேபிளில். பேனல் அறையிலிருந்து மறு கோடியில் அட்டையை வெட்டுகிற கட்டர் பக்கத்துப் பெட்டி வரைக்கும் குழாய்க்குள் இழுக்க வேண்டிய கேபிள். பிளக்கோடு குழாயில் போகாது. இழுத்த பிறகு அங்கேயே நின்று இரண்டு முனையிலும் பிளக் போட வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? எட்டு நிறத்துக்கும் நூல் வெட்டி ஒரு அட்டையில் வரிசையாக ஒட்டி, "இதைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க" என்று கொடுத்தனுப்பினேன். நிறம் தெரியாதவருக்கு நிற அட்டை கொடுத்த மகா புத்திசாலி நான். மனுஷன் அதையும் மரியாதையாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

"போட்டுட்டேன். எட்டு விளக்கும் எரிஞ்சுது" என்று சிரித்துக்கொண்டே வந்தார். லைன் ஓடியது. பழைய கன்ட்ரோலர் புதுப் பெட்டிகளோடு பேசியது. எல்லோரும் அந்தப் பெண்ணுக்குக் கைதட்டினார்களாம்.

கொஞ்ச நாள்தான். பிறகு கட்டர் முழு வேகம் எடுக்கும் நேரமாகப் பார்த்து, கடைசிப் பெட்டி மட்டும் திடீரென்று பேச்சை நிறுத்த ஆரம்பித்தது. பேச்சு நின்றால் எல்லாவற்றையும் அணைத்துவிடு என்பதுதான் அந்தப் பெட்டிக்கு வைத்த ஏற்பாடு. அதனால் கட்டர் நின்றுவிடும். பின்னாலிருந்து வருகிற அட்டை மலை மாதிரி குவிந்துவிடும். மறுபடி ஓட்டினால் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். அந்தப் பெண் கேட்வேயை மாற்றினாள், பெட்டியை மாற்றினாள், பெட்டிக்குக் கரண்ட் கொடுக்கிற பகுதியை மாற்றினாள். நின்றுகொண்டேதான் இருந்தது. மேனேஜர், "நான் அன்னைக்கே சொன்னேன்" என்கிற கட்டத்துக்கு வந்துவிட்டார்.

ஒரு நாள் இவர் தட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க?"

"கேபிளையும் ஒரு தடவை பார்த்துடலாமான்னு மேனேஜர் கேட்டாரு. அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு தெரியுமா? 'வேண்டாம் சார், அது நம்பர் அண்ணன் போட்டது. அதுல தப்பு இருக்காது'ன்னுச்சு." தட்டைத் தள்ளி வைத்தார். "எனக்குச் சோறு இறங்கல."

லைனுக்கு வார விடுமுறை வந்தபோது இவர் தனியாகப் போய் அந்தக் கேபிளின் இரண்டு பிளக்கையும் விரல் நீளக் கேபிளோடு வெட்டி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். மிஷின் விளக்கின் கீழே வைத்துப் பார்த்தேன். வெள்ளை ஆரஞ்சு இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் பச்சை. வெள்ளைப் பச்சையின் இடத்தில் வெள்ளை ஆரஞ்சு. இரண்டு பிளக்கிலும் அதே தப்பு, அச்சடித்த மாதிரி.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதானே மாறியிருக்கு? அதனாலதானே டெஸ்டர்ல எரிஞ்சுது. அப்புறம் என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்டேன்.

இவர் சொன்னார். "கம்பிக்கு நிறம் எதுவா இருந்தாலும் கவலையில்ல. ஜோடிதான் முக்கியம். முறுக்கிக்கிட்டு இருக்கிற ரெண்டும் சேர்ந்தேதான் ஒரு சேதியைக் கொண்டுபோகணும். அப்பத்தான் வெளிச் சத்தம் உள்ள ஏறாது. நான் ஜோடியைப் பிரிச்சுட்டேன். சின்னக் கேபிளா இருந்தா ஓடியிருக்கும். இது நீளம், பக்கத்துல அவ்வளவு பெரிய மோட்டார் வேற."

அந்தத் துண்டை நான் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தேன். நூலை உருட்டி உருட்டிப் பார்க்கிற பழக்கம். அப்போதுதான் விரலுக்குத் தட்டுப்பட்டது. "இங்க பாருங்க, எல்லா ஜோடிக்கும் முறுக்கு ஒண்ணு இல்ல. இது இறுக்கம். இது நெகிழ்வு. பச்சையும் பழுப்பும் கையிலயே வேற வேறங்க."

இவர் வாங்கி நகத்தால் தடவினார். இன்னொரு முறை தடவினார். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். நான் உறையை நீட்டாக உரித்துக் கலைத்துப் போட்டு, "இது எது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். முதலில் தடுமாறினார், பிறகு சரியாகச் சொன்னார், பிறகு நான் கேட்டு முடிப்பதற்குள் சொன்னார். கோடு போட்ட வெள்ளை எது, முழு நிறம் எது என்பது கண்ணுக்கே தெரிகிறது. ஜோடியை விரல் சொல்கிறது. முறுக்கைப் பிரிக்குமுன் பிடித்துப் பார்த்து வரிசை வைத்துவிட்டால் போதும். எனக்குக் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை. அன்று மாலையே திரும்பிப் போய் இரண்டு முனைக்கும் புதுப் பிளக் போட்டுவிட்டு வந்தார்.

அதன் பிறகு லைன் நிற்கவே இல்லை. அப்பாடா என்று நான் மூச்சுவிட்டேன். ஆனால் மேனேஜர் விடுகிறவர் இல்லை. "காரணம் என்ன?" என்று கேட்டார். அந்தப் பெண்ணுக்குச் சொல்லத் தெரியவில்லை. "தானா நின்னது, தானா சரியாச்சுன்னா நாளைக்குத் தானா மறுபடி நிக்கும். இதை நம்பி நான் லைன் ஓட்ட முடியாது. பழசு புதுசு எல்லாத்தையும் எடுத்துடலாம்" என்றாராம். அவளுடைய பயிற்சிக் காலத்தையும் இதோடு முடித்துக்கொள்வதாகப் பேச்சு. மறுநாள் கூட்டம்.

இவர் அதைச் சொன்னபோது என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது.

"பிளக் லூஸா இருந்துச்சு, மாத்திட்டேன்னு சொல்லுங்க. முடிஞ்சுது."

"லூஸுன்னு சொன்னா, இன்னொரு தடவை லூஸாகாதுன்னு யாரு சொல்றதுன்னு கேப்பாரு. அந்தப் பொண்ணுதான் முழிக்கும்."

"அதுக்கு? உங்களை வீட்டுக்கு அனுப்பிட்டா? கலர் தெரியாத எலக்ட்ரீஷியனை எவன் வெச்சுக்குவான்?"

"அனுப்பினா அனுப்பட்டும்."

"பெரிய தியாகி!"

"தியாகமெல்லாம் இல்ல" என்றார். குரல் உயரவே இல்லை. "என் தப்பு எங்க இருக்கோ அங்க மட்டும் அந்தப் பொண்ணு தேடல. ஏன் தேடல? என்னை நம்பிச்சு. அந்த நம்பிக்கையை வெச்சுக்கிட்டே அதை வெளிய அனுப்பச் சொல்றியா?"

நான் போய் மிஷினை வேகமாக மிதித்தேன். அன்றைக்குத் தைத்ததையெல்லாம் மறுநாள் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

கூட்டத்தில் நடந்ததை இவர் ஒழுங்காகச் சொல்லவில்லை. "சொல்லிட்டேன்" என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். முழுதும் சொன்னது அந்த என்ஜினியர் பெண். சில நாள் கழித்து, கையில் ஒரு துணிப்பையோடு கடைக்கு வந்து நின்றாள். நூல் அடுக்கை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அக்கா, பேனல் ரூம் பிளக்கெல்லாம் நீங்க போட்டதாமே?" என்றாள். நான் நாற்காலியை நகர்த்திப் போட்டதும் உட்கார்ந்து கூட்டத்தில் நடந்ததைச் சொன்னாள்.

இவர் அந்த இரண்டு பிளக்கையும் மேனேஜர் மேஜைமேல் வைத்திருக்கிறார். "காரணம் இது சார். ஜோடி மாத்திப் போட்டது நான்" என்றிருக்கிறார். மேனேஜர் எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கா இப்படி? இது என்ன கலர்னு தெரியலையா?" என்று கேட்டிருக்கிறார், கிண்டலாக.

"தெரியாது சார். எப்பவுமே தெரியாது" என்றாராம் இவர்.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தாராம். பிறகு இவர் அந்தப் பெண்ணிடம் ஒரு கேபிள் துண்டைக் கேட்டு வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு விரலால் ஜோடி பிரித்து, பிளக் போட்டுக் கொடுத்திருக்கிறார். வரிசை சரியாக இருந்தது. "அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துடுச்சுக்கா" என்று அந்தப் பெண் சொன்னாள். "இத்தனை பெட்டியை மாத்தினேன், அண்ணனை ஒரு வார்த்தை கேக்கலையேன்னு."

பழைய கன்ட்ரோலர் தங்கியது, புதுப் பெட்டிகள் தங்கின, அந்தப் பெண்ணும் தங்கினாள். இவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆனால் கண் டாக்டரிடம் அனுப்பினார்கள். இனி எந்த வயரிங்கையும் இவர் தனியாக முடித்துக் கொடுக்க முடியாது, இன்னொருவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் ஊருக்கே சரி பார்த்த மனுஷனுக்கு அது வலிக்காமல் இருக்குமா? வலித்தது. கூட வேலை பார்க்கிறவர்கள் வேறு வாழைப்பழத்தைத் தூக்கிக் காட்டி, "நம்பர் அண்ணே, இது பழுத்துடுச்சா காயா?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். முதல் நாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். போகப் போக இவரும் பதிலுக்குப் பதில் கொடுக்கப் பழகிக்கொண்டார்.

அந்தப் பெண் கொண்டுவந்த துணிப்பையில் அவளுக்குத் தைக்க வேண்டிய ஒரு மேல்சட்டைத் துணி இருந்தது. அவள் வந்துபோன அன்று சாயங்காலம் நான் அதை மேஜைமேல் விரித்து வெட்டப்போகும்போது இவர் வேலையிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றி அதன் எண்ணுள்ள தட்டில் வைத்தார். மேஜை பக்கத்தில் வந்து நின்று துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"இது என்ன கலர்?" என்றார்.

என் கையில் கத்தரி அப்படியே நின்றுவிட்டது.

"பச்சை" என்றேன்.

"எப்படிப் பச்சை?"

"மழைக்கு அப்புறம் புல் இருக்குமே, அது."

தலையாட்டினார். புரிந்ததா என்று தெரியாது. திரும்பி நூல் அடுக்கைப் பார்த்தார். "இது?" என்றார். "ஆரஞ்சு." "இது?" "அதுவும் பச்சைதான், கொஞ்சம் பழுத்தது." "இது?" "பழுப்பு. அன்னைக்கு என்கிட்ட திட்டு வாங்குனீங்களே, அது." ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே அந்தச் சுவர் முழுக்க நடந்தார். கடைசியில் என் பக்கம் திரும்பி, "நீ போட்டிருக்கிறது?" என்றார். இத்தனை வருஷம் கழித்து என்னைப் பார்த்து அதைக் கேட்டார். சிவப்பு என்று சொல்வதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"அழறியா? பிடிக்காத கலரா?" என்றார்.

"போங்க அந்தப் பக்கம்" என்றேன்.

போகவில்லை. அந்தப் பச்சைத் துணியின் ஓரத்தை இன்னும் விரலில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "எனக்கும் இதுல ஒரு சட்டை தைச்சுக் குடு."

"உங்களுக்குத்தான் தெரியாதே, எதுக்கு?"

"எனக்குத் தெரியாட்டி என்ன? உனக்குத் தெரியும்ல" என்றார்.

மறுநாள் காலையில் கடை திறந்ததும், அதே பச்சையில் என்னிடம் இருந்த ஒரு துணியில் இவர் சட்டைதான் முதல் வேலை. கழுத்துக்கும் கைக்கும் நான் அளவு எடுக்கவே இல்லை, இவர் அளவு எனக்கு மனப்பாடம். பச்சை நூலை நானே எழுந்து போய் எடுக்கப்போனேன். வேலைக்குக் கிளம்பி நின்றவர், "இரு" என்று முந்திக்கொண்டு போய் ஒரு கண்டை எடுத்துக் கொடுத்தார். பழுப்பு. நான் அதையே பொத்தான் ஊசியில் கோர்த்து வைத்தேன். அந்தப் பச்சைச் சட்டையின் பொத்தானெல்லாம் பழுப்பு நூலில்தான் இருக்கிறது.